பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ புதிதாக வருகிறீர்களா? மருத்துவச் செலவைப் பற்றி முதலில் இதைப் படியுங்கள்

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்தபோது தெரியவந்தது. ஸ்கேன் எடுத்தது, சர்ஜன் பார்த்தது, ஆபரேஷன், ஒரு ராத்திரி வார்டில் படுத்தது என்று எதற்கும் ஒரு பென்னி கேட்கவில்லை. ஆனால் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஆபரேஷன் நடந்த நாள் வரை ஒன்பது மாதம் ஆனது, அதற்குள் மூன்று முறை நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அப்புறம் வேலை மாறி அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வந்தோம். அங்கே என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கும் அதே கல், சின்னத் துளை போட்டுச் செய்யும் அதே லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். வலி வந்த பத்தாவது நாள் ஆபரேஷன் முடிந்து வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஐந்து மாதம் அவர் வீட்டுத் தபால் பெட்டிக்கு பில் வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, சர்ஜனுக்குத் தனியாக ஒன்று, மயக்க மருந்து கொடுத்த டாக்டருக்கு ஒன்று, எடுத்த பித்தப்பையைப் பரிசோதித்த லேபுக்கு ஒன்று, முதல் நாள் எமர்ஜென்சியில் பார்த்தவருக்கு இன்னொன்று.

இரண்டு நாட்டிலும் டாக்டர்கள் நன்றாகவே பார்த்தார்கள். பணம் எப்போது போகிறது, யார் கை வழியாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். நம் ஊரில் கவுன்டரில் பில்லைக் கட்டினோம், ரசீதை வாங்கினோம், முடிந்தது. இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரி. அந்தப் பழக்கத்தோடு வந்து இறங்கி, தெரியாத காரணத்தாலேயே காசையும் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். வேலை அல்லது படிப்பு விசாவில் குடும்பத்தோடு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டணங்கள் எல்லாம் 2025ஐ ஒட்டியவை. பிரிட்டனில் பெரும்பாலும் ஏப்ரலிலும் அமெரிக்காவில் ஜனவரியிலும் மாறும், கட்டும் முன் அந்தந்த அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாடும் ஏன் இப்படி

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

பிரிட்டனில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. சுகாதார அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் அனைரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நோயாளி டாக்டர் முன் உட்காரும்போது காசுப் பேச்சே வரக்கூடாது, செலவு முழுவதும் வரியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவு செய்தபோது அவர் பதவியையே விட்டு விலகினார். பல்லுக்கும் கண்ணுக்கும் இன்றும் நாம் காசு கொடுப்பது அங்கே ஆரம்பித்ததுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. 1942இல், போர்க்காலத்தில் விலைவாசி ஏறாமல் இருக்க அரசு சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியது. மருத்துவ இன்ஷூரன்ஸ் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் இன்ஷூரன்ஸ் கொடுத்து ஆட்களை இழுத்தன, அதற்கு வருமான வரி கிடையாது என்பது 1954 சட்டத்தில் உறுதியானது. அப்படித்தான் இன்ஷூரன்ஸ் வேலையோடு ஒட்டிக்கொண்டது. வயதானவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று 1965இல் வந்தன. 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால், ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, இதய நோய் இருக்கிறது என்று சொல்லி 2014 முதல் யாருக்கும் இன்ஷூரன்ஸை மறுக்க முடியாது. எச்1பி என்ற வேலை விசாவில் வருகிறவருக்கு விசா, சம்பளம், மருத்துவம் மூன்றுமே ஒரே கம்பெனியின் கையில் இருக்கிறது என்பதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன், முதல் வேலை: விசாவுக்கே பணம் ஒதுக்குங்கள்

"அங்கே எல்லாம் இலவசமாமே" என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் விமானம் ஏறும் முன்பே கட்டிவிடுவீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்கு இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ் உண்டு. 2015இல் வருடத்துக்கு 200 பவுண்டாக ஆரம்பித்தது, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035 பவுண்டு. மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 776. விசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை, மூன்று வருட ஸ்கில்டு வொர்க்கர் விசா என்றால் 3,105, இன்னொரு 3,105, குழந்தைக்கு 2,328, ஆக 8,538 பவுண்டு. விசா கட்டணம் இதில் சேரவில்லை. ஐந்து வருட விசா என்றால் 14,230 பவுண்டு, நகை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆஃபர் கையில் வந்தவுடன் சர்சார்ஜைக் கம்பெனி கட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள், சில கம்பெனிகள் குடும்பத்துக்கும் சேர்த்துக் கட்டுகின்றன. நர்ஸ், டாக்டர் போன்றவர்கள் வரும் ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவுக்கு இது கிடையாது, அவர்கள் குடும்பத்துக்கும் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பே ஸ்லிப்பில் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதுதான் மருத்துவ இன்ஷூரன்ஸ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்ஷன் போன்றவற்றுக்கானது. அதில் ஒரு பங்கு என்எச்எஸ்ஸுக்குப் போகிறது, என்எச்எஸ் செலவில் பெரும்பகுதி பொது வரியிலிருந்தே வருகிறது. ஆக சர்சார்ஜும் கட்டுகிறீர்கள், வரியும் கட்டுகிறீர்கள். உதவி கேட்கப் போகும்போது கூச்சப்பட வேண்டியதே இல்லை.

இரண்டாவது வேலை: வந்த வாரமே ஜிபி

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கில், பெயர் பதிய வேண்டும். ஆன்லைனிலும் செய்யலாம், காசு கிடையாது. வீட்டு முகவரிக்கு ஆதாரம் கொண்டு வா, பாஸ்போர்ட் கொண்டு வா என்று வரவேற்பில் கேட்பார்கள். இருந்தால் காட்டுங்கள், பதிவு சீக்கிரம் முடியும். இல்லையென்றாலும் அந்தக் காரணத்தைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் என்எச்எஸ் விதி. வந்து இறங்கிய முதல் மாதம் நண்பர் வீட்டில் தங்கியிருப்போம், நம் பெயரில் கரண்ட் பில் எங்கே இருக்கும்? மரியாதையாக, "முகவரி ஆதாரம் கட்டாயம் இல்லை என்று என்எச்எஸ் தளத்தில் போட்டிருக்கிறதே" என்று சொல்லுங்கள், போதும். பதிந்ததும் பத்து இலக்க என்எச்எஸ் எண் கிடைக்கும். என்எச்எஸ் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டும் ரிசல்ட்டும் அதில்தான் வரும்.

காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டு, எட்டரைக்குள் அன்றைய அப்பாயின்ட்மென்ட் எல்லாம் தீர்ந்துவிடும் கஷ்டம் பல சர்ஜரிகளில் இருந்தது, இன்னும் சிலவற்றில் இருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் ஜிபி சர்ஜரிகள் வேலை நேரம் முழுக்க ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. போனில் தொங்குவதைவிட அதில் எழுதுங்கள். எழுதும்போது தெளிவாக எழுதுங்கள்: எத்தனை நாளாக வலி, ராத்திரி தூக்கம் கெடுகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா. நாம் "கொஞ்சம் வலிக்கிறது" என்று அடக்கிச் சொல்லிப் பழகியவர்கள். அங்கே கொஞ்சம் என்று சொன்னால் கொஞ்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மகள் காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். 111க்குப் போன் செய்தேன். 24 மணி நேரமும் எடுப்பார்கள், இலவசம், கேட்டால் மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பார்கள். பத்து நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு, இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு இந்த இடத்துக்குப் போங்கள் என்று நேரம் கொடுத்தார்கள். போனோம், டாக்டர் காதுக்குள் பார்த்தார், ஆன்டிபயாடிக் எழுதினார், குழந்தை என்பதால் மருந்தும் இலவசம். வெளியே வரும்போது பழக்கத்தில் கை பர்ஸுக்குப் போனது, கவுன்டர் எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லை. அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது.

சின்னத் தொந்தரவுகளுக்கு ஜிபியே வேண்டாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து மருந்துக் கடைக்காரரே தொண்டை வலி, காது வலி, சைனஸ், அக்கி, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு தொந்தரவுகளைப் பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கலாம். வயது வரம்பு உண்டு, கடையில் கேளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பக்கவாதம் மாதிரி என்றால் யோசிக்காமல் 999. ஆம்புலன்ஸுக்குக் காசில்லை.

மருந்து, பல், கண்: இங்கே காசு உண்டு

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் ஒன்றும் கிடையாது. பாரசிட்டமால் போன்றவற்றை சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடுங்கள், சில பென்னிகள்தான். மாதாமாதம் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் ப்ரீபேமென்ட் சர்டிஃபிகேட் வாங்குங்கள்: வருடத்துக்கு 114.50 பவுண்டு, எத்தனை மருந்தானாலும் அதற்கு மேல் இல்லை. பன்னிரண்டு மருந்து வாங்கினாலே அது லாபம்.

நம்மவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆறாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கும், தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எல்லா மருந்துமே இலவசம், அந்த நோய்க்கான மருந்து மட்டும் என்றில்லை. ஆனால் தானாக வராது, ஜிபி மூலமாக மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சர்டிஃபிகேட் இல்லாமல் கடையில் "எனக்கு இலவசம்" என்று டிக் செய்தால் அபராதக் கடிதம் வரும். கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை தாய்மார்களுக்கும் இதே மாதிரி தனி சர்டிஃபிகேட் உண்டு, அவர்களுக்குப் பல் வைத்தியமும் சேர்த்து இலவசம். பிரசவம் பார்க்கும் மிட்வைஃபிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பல்லுக்கு என்எச்எஸ் டென்டிஸ்ட் கிடைப்பதே பல ஊர்களில் கஷ்டம். கிடைத்தால் 2025 ஏப்ரல் கட்டணப்படி பரிசோதனைக்கு 27.40, அடைப்பதற்கும் வேர் சிகிச்சைக்கும் 75.30, கேப் மாதிரி பெரிய வேலைக்கு 326.70 பவுண்டு. அடைக்க வேண்டிய பல் இருந்தால் ஊரிலேயே பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

வரிசையில் சும்மா நிற்காதீர்கள்

பிரிட்டனில் நீங்கள் கொடுக்கும் பெரிய விலை நேரம். இங்கிலாந்தில் மருத்துவமனை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023இல் 77 லட்சத்தைத் தாண்டியது, அதற்குப் பிறகும் 70 லட்சத்துக்கு மேலேயே இருந்து வந்திருக்கிறது. ஜிபி எழுதிக் கொடுத்து 18 வாரத்துக்குள் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவில்லை.

என் மனைவி விஷயத்தில் நாங்கள் ஐந்து மாதம் ஒன்றுமே செய்யாமல் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். செய்திருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஜிபி எழுதிக் கொடுக்கும்போதே "இது அர்ஜன்ட்டா, ரொட்டீனா" என்று கேளுங்கள். இங்கிலாந்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று தேர்ந்தெடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, அதில் என்எச்எஸ் செலவில் பார்க்கும் சில தனியார் மருத்துவமனைகளும் அடக்கம். முப்பது மைல் தள்ளிப் போகத் தயார் என்றால் காத்திருப்பு பாதியாகக் குறையலாம். பட்டியலில் இருக்கும்போது வலி அதிகமானால் ஒவ்வொரு முறையும் ஜிபியிடம் பதிவு செய்யுங்கள், "போன மாதத்தைவிட மோசம்" என்று கடிதம் போகச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் யாராவது வரவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சர்ஜனின் செக்ரட்டரியிடம் போனில் சொல்லி வையுங்கள். மனைவிக்கு ஆபரேஷன் தேதி கிடைத்ததே அப்படி ஒரு போனில்தான். புற்றுநோய்ச் சந்தேகம் என்று ஜிபி அனுப்பினால் அது தனி வரிசை, 28 நாளுக்குள் ஆமா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்பது இலக்கு.

கம்பெனி கொடுக்கும் தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தால் நல்லது, ஸ்கேனுக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கும் சீக்கிரம் போகலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் சர்க்கரை மாதிரி நாள்பட்டவற்றையும் அது பெரும்பாலும் பார்க்காது. அவசரம் என்றால் எப்படியும் என்எச்எஸ்தான்.

அமெரிக்கா, முதல் வேலை: ஆஃபர் லெட்டரோடு இன்ஷூரன்ஸ் தாளைக் கேளுங்கள்

சம்பளத்தை மட்டும் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள். கேஎஃப்எஃப் என்ற அமைப்பின் 2025 கணக்கெடுப்புப்படி, கம்பெனி வழியாக வரும் குடும்ப இன்ஷூரன்ஸின் சராசரி விலை வருடத்துக்குக் கிட்டத்தட்ட 27,000 டாலர். அதில் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கப்படுவது சராசரியாக 6,850. இது சராசரி, கன்சல்டன்சி வழியாக வருகிறவர்களுக்கு இதைவிட அதிகமாகப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று கேள்வி கேளுங்கள். குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள்? டிடக்டிபிள், அதாவது முதலில் நாங்களே கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு? எந்தத் தேதியிலிருந்து இன்ஷூரன்ஸ் தொடங்கும்? கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் சட்டப்படி கம்பெனி 90 நாள் வரை காக்க வைக்கலாம். அந்த இடைவெளிக்கு ஏதாவது தற்காலிகப் பாலிசி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சேர்ந்ததும் பெயர் சேர்க்கக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள், பெரும்பாலும் 30 நாள். தவறவிட்டால், வருடத்துக்கு ஒரு முறை பெயர் சேர்க்கத் திறக்கும் ஓபன் என்ரோல்மென்ட் வரை ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் அதே 30 நாள் கணக்கு. பிரசவ வார்டிலிருந்து வந்த களைப்பில் இதை மறந்துவிட்டு அலைந்தவர்கள் உண்டு, காலண்டரில் முன்பே எழுதி வையுங்கள். மாணவர்கள் பல்கலைக்கழக இன்ஷூரன்ஸை வேண்டாம் என்று சொல்லும் முன், வெளியே வாங்கும் மலிவுப் பாலிசி எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்று படித்துப் பாருங்கள்.

ஐந்து சொற்கள், ஒரு கணக்கு

ப்ரீமியம் என்பது உடம்பு நன்றாக இருந்தாலும் மாதாமாதம் போகும் பணம். டிடக்டிபிள் என்பது இன்ஷூரன்ஸ் பங்கு கொடுக்க ஆரம்பிக்கும் முன் வருடத்தில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. கோபே என்பது டாக்டரைப் பார்க்கும்போது கொடுக்கும் நிலையான தொகை. கோஇன்ஷூரன்ஸ் என்பது டிடக்டிபிள் முடிந்த பிறகும் உங்கள் தலையில் விழும் சதவீதம். இவை எல்லாம் சேர்ந்து வருடத்தில் இதற்கு மேல் போகாது என்ற உச்ச வரம்புதான் அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம்.

டிடக்டிபிள் 2,000, கோஇன்ஷூரன்ஸ் 20 சதவீதம், உச்ச வரம்பு 6,000 என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட விலை 15,000 டாலர் என்றால் முதலில் 2,000, மீதி 13,000இல் 20 சதவீதம் 2,600, ஆக உங்கள் பங்கு 4,600. அதுவே 50,000 டாலர் என்றால் கணக்குப்படி 11,600 வரும், ஆனால் 6,000இல் நின்றுவிடும். அதனால் பிளானைத் தேர்ந்தெடுக்கும்போது வருட ப்ரீமியத்தையும் இந்த உச்ச வரம்பையும் கூட்டிப் பாருங்கள். அதுதான் மிக மோசமான வருடத்தில் உங்களுக்கு ஆகும் செலவு, நெட்வொர்க்குக்குள்ளேயே, அதாவது உங்கள் இன்ஷூரன்ஸோடு விலை ஒப்பந்தம் போட்ட டாக்டர், ஆஸ்பத்திரிகளிடமே, இருந்தால். 2026க்கு அரசு வைத்திருக்கும் மேல் எல்லை ஒருவருக்கு 10,600, குடும்பத்துக்கு 21,200 டாலர். அவ்வளவு பணம் கையில் இல்லாதவர்கள் ப்ரீமியம் கொஞ்சம் கூடினாலும் வரம்பு குறைந்த பிளானை எடுப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். கர்ப்பமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

நெட்வொர்க் பார்க்காமல் உள்ளே நுழையாதீர்கள்

டாக்டர் ஆபீஸில் "எங்கள் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். எடுத்துக்கொள்வது வேறு, நெட்வொர்க்கில் இருப்பது வேறு. "இந்தப் பிளானுக்கு நீங்கள் இன்-நெட்வொர்க்கா" என்று கார்டில் உள்ள பிளான் பெயரைப் படித்துக் கேளுங்கள், அதையே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போன் போட்டுக் கேளுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஸ்கேன், ஆபரேஷன் என்றால் இன்ஷூரன்ஸிடம் முன் அனுமதி வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். வாங்காமல் செய்தால் மொத்தமும் உங்கள் தலையில் விழலாம்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு பிரைமரி கேர் டாக்டரைப் பிடித்து வையுங்கள், புது நோயாளிகளுக்குப் பல வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும். வருடாந்திரப் பரிசோதனையும் தடுப்பூசிகளும் நெட்வொர்க்குக்குள் இலவசம். ஆனால் அந்தப் பரிசோதனையின் நடுவே "முட்டி வலிக்கிறது டாக்டர்" என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தால் அது தனி விசிட்டாக பில்லில் ஏறலாம்.

என் மகன் பூங்காவில் விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது மணி ஏழு. வழியில் கடைகளுக்கு நடுவே பளிச்சென்று விளக்கு போட்ட ஒரு கிளினிக், உள்ளே ஆள் கூட்டமே இல்லை, நுழைந்துவிட்டேன். அது உயிருக்கு ஆபத்தில்லாத அவசரங்களைப் பார்க்கும் அர்ஜன்ட் கேர் இல்லை, ஆஸ்பத்திரியோடு சேராமல் தனியாக நிற்கும் எமர்ஜென்சி ரூம். டெக்சாஸில் இப்படி நிறைய உண்டு. பலகையில் "எமர்ஜென்சி" என்ற சொல் இருந்தால் பில்லும் எமர்ஜென்சி விலையில்தான் வரும். அரை மைல் தள்ளி எக்ஸ்ரே வசதியோடு ஒரு அர்ஜன்ட் கேர் ஒன்பது மணி வரை திறந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அர்ஜன்ட் கேர் எது, எத்தனை மணி வரை என்று இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். உயிர் போகும் விஷயம் என்றால் இதெல்லாம் பார்க்காதீர்கள், 911 கூப்பிடுங்கள். காசு இருக்கிறதா, விசா என்ன என்று பார்க்காமல் எமர்ஜென்சி ரூம் உங்களைப் பரிசோதித்து, ஆபத்தான நிலை நீங்கும் வரை பார்க்க வேண்டும் என்பது 1986 சட்டம்.

பில் வந்த பிறகுதான் வேலையே

முதலில் வருவது ஈஓபி, இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் கணக்குத் தாள். "இது பில் அல்ல" என்று மேலேயே போட்டிருக்கும். மகன் மணிக்கட்டுக்கு வந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்ட தொகை 5,840. ஒப்பந்தத் தள்ளுபடி 3,290. ஒப்புக்கொண்ட விலை 2,550. இன்ஷூரன்ஸ் கொடுத்தது 0. நீங்கள் தர வேண்டியது 2,550. அந்த வருடம் எங்கள் டிடக்டிபிளில் ஒரு டாலர்கூடக் கழிந்திருக்கவில்லை, அதனால் முழுவதும் எங்கள் மேல் விழுந்தது.

ஈஓபி வரும் முன் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாதீர்கள். இரண்டும் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொகை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஐட்டமைஸ்டு பில் கேளுங்கள், ஒவ்வொரு பொருளும் தனி வரியாக வரும். எங்கள் பில்லில் கை அசையாமல் கட்டும் ஒரே ஸ்பிளின்ட்டை இரண்டு முறை போட்டிருந்தார்கள். மூன்று போனுக்குப் பிறகு ஒன்றை எடுத்தார்கள். என் நண்பருக்கு மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்குக்கு வெளியே என்று தனியாகப் பெரிய தொகை வந்திருந்தது. ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கும்போது இப்படிக் கேட்பதை 2022 ஜனவரியிலிருந்து நோ சர்ப்ரைசஸ் சட்டம் தடுக்கிறது. அவர் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னதும் பில்லைத் திருத்தினார்கள். ஆனால் ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் சேராது, சில மாநிலங்களில் மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு.

இன்ஷூரன்ஸ் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பொதுவாக 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம், அதுவும் மறுக்கப்பட்டால் வெளியார் ஒருவர் பார்க்கும் மறுபரிசீலனை இருக்கிறது. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். கட்டவே முடியாத தொகை என்றால் "ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் விண்ணப்பம் கொடுங்கள்" என்று கேளுங்கள். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் எல்லாம் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். இது பிச்சை கேட்பது மாதிரி என்று நினைத்து கிரெடிட் கார்டில் வட்டி கட்டுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதுவும் இல்லையென்றால் வட்டியில்லாத மாதத் தவணையாவது கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

வேலை போனால்

எச்1பியில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இன்ஷூரன்ஸ் சில கம்பெனிகளில் அன்றோடு நிற்கும், சிலவற்றில் மாதக் கடைசி வரை இருக்கும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி என்றால் கோப்ரா என்ற சட்டம் வழியாகப் பழைய இன்ஷூரன்ஸையே பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் கம்பெனி பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும். முடிவு செய்ய 60 நாள் உண்டு, எப்போது சேர்ந்தாலும் நின்ற நாளிலிருந்தே அது செல்லும். அதனால் சிலர் அந்த 60 நாளும் காத்திருந்து, ஏதாவது ஆனால் மட்டும் சேர்கிறார்கள். தனி நபர்கள் இன்ஷூரன்ஸ் வாங்கும் அரசு மார்க்கெட்பிளேஸில் புதுப் பிளான் எடுக்கவும் அதே 60 நாள்தான், எச்1பி விசாக்காரர்களும் எடுக்கலாம். பிரிட்டனில் வேலை போனால் விசாக் கவலை இருக்கும், ஆனால் விசா செல்லும் வரை அதே ஜிபி, அதே ஆஸ்பத்திரி. சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அமெரிக்கா வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்பா அம்மாவைக் கூப்பிடும்போது

விசிட் விசாவில் வருகிறவர்களுக்கு பிரிட்டனிலும் இலவசம் இல்லை. ஜிபி பார்ப்பதற்கும் ஏ அண்ட் ஈ என்ற அவசரப் பிரிவில் பார்ப்பதற்கும் காசில்லை, வார்டில் சேர்த்துவிட்டால் என்எச்எஸ் விலையில் 150 சதவீதம் பில் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் அடுத்த விசாவே மறுக்கப்படலாம். அமெரிக்காவில் என்றால் விசிட்டர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் டிக்கெட்டே போடாதீர்கள். அதில் ஃபிக்ஸ்டு பெனிஃபிட் என்ற மலிவு வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு சிறு தொகை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். காம்ப்ரிஹென்சிவ் வகையை எடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு அந்த நோய் திடீரென்று முற்றினால் பொருந்தும் "அக்யூட் ஆன்செட்" என்ற பகுதியில் எத்தனை வயது வரை, எவ்வளவு தொகை வரை என்று படித்துப் பாருங்கள்.

அவர்கள் கிளம்பும் முன் ஒரு தாளில் மருந்துப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள், கடைப் பெயரில் இல்லை, மருந்தின் பெயரில். கிளைகோமெட் என்றால் இங்கே பலருக்குத் தெரியாது, மெட்ஃபார்மின் என்றால் தெரியும். தைரோநார்ம் என்றால் முழிப்பார்கள், லெவோதைராக்சின் என்று எழுதுங்கள். பாரசிட்டமாலுக்கே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், காலையா ராத்திரியா, எதற்கு அலர்ஜி, எந்த வருடம் என்ன ஆபரேஷன் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று அம்மாவின் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே இருக்கட்டும்.